ஐந்து இலை கொடுத்தவர்

என் அக்கா புருஷனை எங்கள் தெருவில் இலைக்காரர் என்றுதான் சொல்வார்கள். புதிதாகக் குடிவந்த ஒரு அம்மாள், கீரை விற்கிறவர் போலிருக்கிறது என்று நினைத்துக் காலையில் பையோடு வந்து வாசலில் நின்றதும் உண்டு. மாமாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அம்மாளை நாற்காலி போட்டு உட்காரவைத்து, தன் வேலை என்ன என்பதை ஆதியோடந்தமாக விளக்கி அனுப்பினார். கீரை வாங்க வந்தவள் தலைவலியை வாங்கிக்கொண்டு போனாள்.

அவர் வேலை இதுதான். ஊருக்கு ஊர் கடை வைத்திருக்கிற பெரிய துணிக் கம்பெனி ஒன்று. அந்தக் கம்பெனிச் சட்டையின் கழுத்தில் தொங்கும் அட்டையில் பச்சை நிற இலைகள் அச்சடித்திருக்கும். ஒன்றிலிருந்து ஐந்து வரை. சட்டையைத் தைத்த இடத்தில் ஆட்களை மனிதர்களாக நடத்துகிறார்களா, சாயத்தண்ணீரைச் சுத்தம் பண்ணித்தான் வெளியே விடுகிறார்களா, காற்று இருக்கிறதா, தீப்பிடித்தால் ஓட வழி இருக்கிறதா, எல்லாவற்றையும் நேரில் போய்ப் பார்த்து, இந்த இடத்துக்கு இத்தனை இலை என்று தீர்ப்புச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். மாமா அவர்களில் ஒருவர். வாங்குகிறவர்கள் அட்டையைத் திருப்பிப் பார்த்து, மனசு உறுத்தாமல் சட்டையை மாட்டிக்கொண்டு போவார்கள்.

மாமாவைப் பற்றி நல்லதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் கோபத்தில் விட்டுப்போகும். கறாரான மனிதர். எந்தத் தொழிற்சாலைக்குப் போனாலும் சோறும் தண்ணீரும் வீட்டிலிருந்துதான். அவர்கள் கொடுக்கும் பேனாவில்கூட எழுதமாட்டார். மானேஜர்கள் ஏசி அறையில் விருந்து வைத்துக் காத்திருப்பார்கள். இவர் எங்காவது ஒரு மூலையில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறப்பார். "அவங்க டீயைக் குடிச்சிட்டு அவங்களையே கேள்வி கேட்க எனக்கு வாய் வராது" என்பார். அவரை விலைக்கு வாங்க நினைத்து மூக்குடைபட்டவர்கள் நிறையப் பேர்.

தொழிலாளிகளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசும்போது அவர் முதலில் சொல்கிற வார்த்தை, "பயப்படாம சொல்லுங்க." வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லி அது நாக்கில் ஒட்டிக்கொண்டது. பஸ்ஸில் கண்டக்டரிடம், காய்கறிக்காரியிடம், எல்லாரிடமும் அதே பாட்டுத்தான். நான் என் புருஷனோடு ஒத்துவராமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இவர்கள் வீட்டு மாடி அறைக்கு வந்த அன்று, வாசலில் வைத்து என்னிடம், "பயப்படாம சொல்லு, உப்புமா சாப்பிடுறியா, ரொட்டி சாப்பிடுறியா?" என்று கேட்டார். அழ வந்தவள் சிரித்துவிட்டேன். வேறு ஒரு கேள்வியும் அவர் கேட்கவில்லை. அந்த நன்றி எனக்கு இன்னும் இருக்கிறது, அதனால்தான் இந்தக் கதையைச் சொல்ல இவ்வளவு வலிக்கிறது.

அவர் வேலையில் எனக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்று. எந்த இடத்துக்குப் போவதானாலும் முன்கூட்டியே தேதி சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும். கம்பெனிக்கும் தொழிற்சாலைக்கும் அப்படி ஒப்பந்தம்.

"விருந்தாளி வர்றாங்கன்னு தெரிஞ்சா நான்கூடத்தான் என் ரூமைக் கூட்டிப் பெருக்கி வைப்பேன் மாமா" என்று ஒருமுறை வம்பிழுத்தேன்.

"ஒரு நாளைக்காக யாரும் சுவரை இடிச்சுக் கட்ட மாட்டாங்க. பார்க்கறவனுக்குக் கண்ணு இருந்தா போதும்" என்றார்.

அந்தக் கண் மீது அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. எங்களுக்கும்தான்.

அக்கா அவருக்கு நேர் எதிர். அவர் ஒரு வாக்கியத்தை அளந்து முடிப்பதற்குள் இவள் ஊர்க்கதை முழுவதையும் பேசி முடித்துவிடுவாள். ஆனால் அவளிடம் இருந்த அதிசயம் வாய் இல்லை, விரல். மெல்லிய விரல்கள், நுனியில் கண் வைத்தது போல. தெருவில் யார் வீட்டுச் சங்கிலி முடிச்சு விழுந்தாலும், கம்பளி நூல் சிக்குப் பிடித்தாலும் அக்காவிடம்தான் வரும். மடியில் போட்டுக்கொண்டு, வேறு எங்கோ பார்த்து வம்பளந்தபடியே பிரித்துக் கொடுத்துவிடுவாள். "கத்தரிக்கோல் எடுத்தவள் தோத்தவள்" என்று பீற்றிக்கொள்வாள். குழந்தை இல்லாத வீட்டில் நாள் முழுக்கத் தனியாக இருந்தவளுக்கு அந்தச் சிக்குகள்தான் ஊரோடு பேச்சுவார்த்தை.

அப்படி இருந்தவள் ஒருநாள் வேலைக்குப் போகிறேன் என்றாள். "வீட்டுக்குள்ளயே இருந்தா எனக்கு நாக்கு துருப்பிடிச்சிடும்." மாமா யோசித்தார். நாள் கணக்கில் யோசித்தார். தான் பார்த்த தொழிற்சாலைகளை எல்லாம் மனசுக்குள் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, கடைசியில் ஒன்றைச் சொன்னார். வெளிர் நிறச் சட்டைகள் தைக்கிற இடம். அதற்கு ஐந்து இலை. அவர் கையால் ஐந்து இலை வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. பெரும்பாலும் மூன்றோடு நிறுத்திவிடுவார்.

"போறதா இருந்தா அங்க போ. அது நானே பார்த்த இடம்" என்றார்.

அக்கா புது டிபன் பாக்ஸ் வாங்கினாள். முதல்நாள் வேலைக்குக் கிளம்பியபோது மாமா பஸ் நிறுத்தம் வரை கூடவே போய் ஏற்றிவிட்டு வந்தார். பெண்டாட்டியைப் பத்திரமான இடத்தில் வைத்த திருப்தி அவர் நடையிலேயே தெரிந்தது. அன்று அவரைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன் என்றே சொல்லவேண்டும். எனக்காக இப்படி யோசிக்க ஒரு ஆள் இருக்கவில்லையே என்று.

ஆனால் அன்று முதல் வீட்டில் ஒரு சட்டம் வந்தது. பெண்டாட்டி வேலை பார்க்கும் இடத்தை இனி அவர் ஆய்வு செய்யக்கூடாது, வேறு ஆள்தான் போவார், அது கம்பெனி விதி. மாமா அதற்கும் மேலே ஒரு படி போனார். வீட்டுக்குள் தொழிற்சாலைப் பேச்சே கூடாது என்றார். "உன் மூலமா எனக்கு ஒரு தகவல் வந்தா, அது நான் திருடின மாதிரி. நாளைக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லிடக்கூடாது." அக்கா சரி என்று தலையாட்டினாள். நேர்மை முற்றிப்போனால் இப்படித்தான் ஆகும் என்று நான் கிண்டலடித்தேன். பிறகு எனக்கும் பழகிவிட்டது. நான் பேக்கரியில் கல்லாவில் உட்காருகிறவள். ராத்திரிச் சாப்பாட்டின்போது பேக்கரிக் கதை ஓடும், பக்கத்து வீட்டுக் கதை ஓடும். அக்கா எந்தப் பிரிவில் இருக்கிறாள், என்ன செய்கிறாள் என்று எங்களுக்குத் தெரியாது. கேட்டால், "கடைசி வேலை. சட்டை பொட்டிக்குள்ள போறதுக்கு முன்னாடி" என்பாள். மாமா காதைப் பொத்திக்கொள்வது போலப் பாசாங்கு செய்வார். மூன்று பேரும் சிரிப்போம்.

அவள் சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போது ஒரு வாசனை வரும். லேசான இனிப்பு, கொஞ்சம் பெட்ரோல் மாதிரி. மாமாவுக்கு அது ரொம்பப் பிடிக்கும். "உன்கிட்ட புதுத்துணி வாசனை வருது" என்பார். அக்கா வெட்கப்பட்டுக்கொண்டே குளிக்கப் போவாள்.

இரண்டு வருஷம் போனது. ஒருநாள் எதிர்வீட்டுப் பெண் ஒரு சங்கிலியைக் கொண்டுவந்து கொடுத்தாள். சின்ன முடிச்சுத்தான். அக்கா வழக்கம்போல மடியில் போட்டுக்கொண்டு பேச ஆரம்பித்தாள். பேச்சு முடிந்தது, முடிச்சு அவிழவில்லை. பிறகு பேச்சை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தாள். அக்கா சிக்கெடுக்கும்போது கீழே பார்த்து நான் கண்டதே இல்லை. "வெளிச்சம் பத்தல, நாளைக்குத் தர்றேன்" என்று சொல்லி அனுப்பினாள். மறுநாள் அந்தச் சங்கிலி என் கைக்கு வந்தது. நான்தான் ஊசியை வைத்து நோண்டிக் கொடுத்தேன்.

அதன்பிறகு டம்ளர் நழுவியது. தட்டு உடைந்தது. "கையா அது, ஓட்டைக் கையா?" என்று மாமா கேலி செய்தார். அக்காவும் சேர்ந்து சிரித்தாள். கால் மரத்துப்போகிறது என்றாள். செருப்பு எங்கோ வழியில் கழன்று விழுந்தது தெரியாமல், ஒற்றைச் செருப்போடு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். அன்றுதான் மாமா பயந்தார். மறுநாளே லீவு போட்டு நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனார். நானும் போனேன்.

அந்த அறை எனக்கு அப்படியே கண்ணில் நிற்கிறது. நீல நிறத் திரை, சுவரில் மனித நரம்புப் படம், மேஜைமேல் முட்டியைத் தட்டும் சின்னச் சுத்தியல். டாக்டர் வயசானவர், பொறுமையானவர். அக்காவின் கால்விரலை ஊசியால் தொட்டு, தெரிகிறதா தெரிகிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தார். கணுக்காலுக்கு மேலே வந்துதான் அவளுக்குத் தெரிந்தது. சர்க்கரை இருக்கிறதா, குடிப்பழக்கமா, பரம்பரையில் யாருக்காவது உண்டா என்று எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் கேட்டார்.

"வேலை செய்யற இடத்துல ஏதாவது ரசாயனம் புழங்குவீங்களாம்மா? பசை, பெயிண்ட், கறை எடுக்கிற திரவம், அந்த மாதிரி?"

அக்கா வாயைத் திறந்தாள். அவள் திறந்ததை நான் பார்த்தேன்.

மாமா முந்திக்கொண்டார். சிரித்துக்கொண்டே, கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னார். "அதெல்லாம் அங்க கிடையாது டாக்டர். அந்த இடத்துக்கு அஞ்சு இலை கொடுத்ததே நான்தான். மூலை முடுக்கெல்லாம் நான் கண்ணால பார்த்திருக்கேன்." பிறகு இலை என்றால் என்ன என்று டாக்டருக்கும் விளக்கினார். டாக்டர் மரியாதையோடு கேட்டுக்கொண்டார். தன் சட்டைக் காலரைத் தொட்டுப் பார்த்து, "இதுவும் அந்தக் கம்பெனிதான்" என்றார். அக்கா வாயை மூடிக்கொண்டாள். கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். கேட்க நினைத்த அடுத்த கேள்வியை டாக்டர் கேட்கவில்லை. வைட்டமின் ஊசி எழுதினார், ரத்தப் பரிசோதனை எழுதினார், கழுத்து எலும்பைப் படம் எடுக்கச் சொன்னார்.

கழுத்து எலும்பில் ஒன்றும் இல்லை. ரத்தத்தில் ஒன்றும் இல்லை. ஊசி போட்டுக்கொண்டே அக்கா வேலைக்குப் போய்வந்தாள். வீட்டில் இரு என்று நான் சொன்னால், "சும்மா இருந்தா இன்னும்தான் மரத்துப்போகும்" என்று மாமா சொன்னார். "அங்க அவளுக்குக் குறை ஒண்ணும் இல்ல, நாலு பேரோட இருக்கா." அக்காவும் ஆமாம் என்றாள். இப்படிப் பல மாதம் போயிற்று. பிறகு ஒரு காலையில் வீட்டுப் படியிலிருந்து இறங்கும்போது, படி இருக்கிறதா தரை வந்துவிட்டதா என்று பாதத்துக்குத் தெரியாமல், தலைகுப்புற விழுந்தாள். அதோடு வேலை நின்றது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பாதத்தைத் தூக்கி வைக்க முடியாமல் தரையில் அறைந்து அறைந்து நடப்பாள். அந்தச் சத்தம் மாடி அறை வரை கேட்கும். நான் தலையணையைக் காதில் வைத்து அழுத்திக்கொள்வேன்.

கூட வேலை செய்தவர்கள் மூன்று பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்காவைப் பார்க்க வந்தார்கள். ஒருத்தி உயரமானவள், ஒருத்தி குண்டு, மூன்றாமவள் வயசானவள், அவளை மற்ற இருவரும் பெரியக்கா என்று கூப்பிட்டார்கள். பழம் வாங்கி வந்திருந்தார்கள். அக்காவின் முகம் அன்று மலர்ந்தது போல அதற்கு முன்னும் பின்னும் நான் பார்க்கவில்லை. ஒரே கூச்சல், சிரிப்பு. யார் யாரையோ மாதிரி பேசிக் காட்டினார்கள். மாமா அடுப்படியில் இருந்தார். அக்கா விழுந்ததிலிருந்து சமையல் அவர்தான். எல்லாருக்கும் டீ போட்டுத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு வந்தார்.

உயரமானவள் டம்ளரை எடுத்தாள். விரலால் எடுக்கவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து, நடுவில் டம்ளரை வைத்து அழுத்தி எடுத்தாள். குண்டுப் பெண்ணும் அப்படியே எடுத்தாள். பெரியக்காவும் அப்படியே. என் அக்கா பல மாதமாக அப்படித்தான் டம்ளர் பிடிக்கிறாள்.

மாமா காலித் தட்டோடு நின்றார். அவர் கண் ஒவ்வொரு கையாகப் போயிற்று. ஊர் ஊராகப் போய்ப் பார்க்கிற கண், எதிலும் குற்றம் கண்டுபிடிக்கிற கண் அது. பிறகு, ஒன்றும் இல்லாதது போல, பழக்க தோஷத்தில் கேட்டார்.

"பயப்படாம சொல்லுங்க. சர்க்கரை போதுமா?"

பெரியக்கா சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள். "இந்தக் குரலு..." என்றாள். பக்கத்தில் இருந்தவளின் தொடையைத் தட்டினாள். "ஏய், இது டிபன் பாக்ஸ்காரர் குரல்டி!"

அக்கா, "பெரியக்கா, வேணாம்" என்றாள். அது பெரியக்கா காதில் விழவில்லை.

"நீங்க எல்லாம் எந்தப் பிரிவு?" என்று மாமா கேட்டார்.

"கறை ரூம் சார். தைக்கும்போது மிஷின் எண்ணெய் சட்டையில பட்டுடும்ல? துப்பாக்கி மாதிரி ஒண்ணு இருக்கும், அதுல மருந்தை ஊத்தி அடிச்சா கறை பறந்துடும். தலை சுத்தும், அதுக்கு என்ன பண்றது? ஜன்னலைத் திறந்தா வெள்ளைச் சட்டையில தூசி விழும்னு ஜன்னலே வைக்கல."

"அங்க கறை ரூமே கிடையாதும்மா. நான் வந்து பார்த்திருக்கேன்."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியக்காதான் சொன்னாள். அவள் குரலில் குத்தல் இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள்.

"நீங்க வர்ற அன்னைக்கு எங்களுக்கு லீவு சார். கதவுக்கு முன்னாடி அட்டைப்பொட்டியை அடுக்கிடுவாங்க. அன்னைக்கு நான் என் செருப்பைத் தேடிக்கிட்டு உள்ளயே இருந்துட்டேன். வெளியில பொட்டியை அடுக்கிட்டாங்க. மூச்சு விடாம இருன்னு சூப்பர்வைசர் கதவிடுக்குல சொல்லிட்டுப் போயிட்டாரு. நீங்க சோறு தின்ன இடம் தேடிக்கிட்டு வந்து அந்தப் பொட்டிமேலதான் உக்காந்தீங்க. அங்க வச்சு ஒரு பொண்ணைக் கூப்பிட்டு, பயப்படாம சொல்லுங்கன்னு கேள்வி கேட்டீங்க. நீங்க டிபன் பாக்ஸ் மூடற சத்தம்கூட எனக்குக் கேட்டுச்சு. தும்மல் வந்துச்சு சார். துணியை வாயில வச்சு அமுக்கிக்கிட்டேன்."

குண்டுப் பெண் பதற்றத்தில் சிரித்துவிட்டாள். "அதுல இருந்து எங்க ரூம்ல உங்களுக்கு டிபன் பாக்ஸ்காரர்னு பேரு சார். பெரியக்கா உங்களை மாதிரியே பேசிக் காட்டும். நாங்க உருண்டு உருண்டு சிரிப்போம். உங்க வீட்டுக்காரம்மாவும்..." அங்கே நிறுத்திக்கொண்டாள். அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. என் அக்கா இரண்டு வருஷத்துக்கு மேல் அந்த அறையில் உட்கார்ந்து, தன் புருஷனை வைத்துப் பண்ணிய கேலிக்குக் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறாள், அது தன் புருஷன்தான் என்று சொல்லாமல்.

அவர்கள் பழத்தை வைத்துவிட்டு, டீயைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மாமா தட்டைத் தரையில் வைத்து, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"சேர்ந்த அன்னைக்கே. முதல்ல உங்களுக்குத் தெரியும்னுதான் நினைச்சேங்க. தெரிஞ்சுதானே அனுப்பியிருக்காரு, அப்போ இது ஒண்ணும் பண்ணாதுன்னு நினைச்சேன். அப்புறம்தான் பெரியக்கா அந்தக் கதையைச் சொன்னாங்க."

"அப்போ சொல்லியிருக்கலாமே?"

"வீட்டுல பேசக்கூடாதுன்னு சொன்னீங்க. சொன்னா அந்த இலையைத் திரும்ப வாங்கணும். நீங்க வேற யாருக்குமே அஞ்சு கொடுத்ததில்லையே."

மாமா தலையில் அடித்துக்கொண்டார். நிஜமாகவே அடித்துக்கொண்டார், சத்தம் கேட்டது. "டாக்டர்கிட்ட சொல்லியிருக்கலாமேடி! அவரு வாய் விட்டுக் கேட்டாரே. கறை எடுக்கிற திரவம்னு பேரோட கேட்டாரே!"

அக்கா அவரைப் பார்த்தாள். அதில் ஒரு துளி கோபம் இருந்திருந்தால் எனக்கு இத்தனை வருஷம் இப்படி நெஞ்சு அடைத்திருக்காது.

"அதான் நீங்க சொல்லிட்டீங்களேங்க" என்றாள்.

மறுநாள் அதே டாக்டர், அதே நீலத் திரை. மாமா எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் கோபப்படவில்லை. அந்த மருந்து நரம்பை நுனியிலிருந்து தின்றுகொண்டு வரும் என்றார். முதல்முறை வந்தபோதே அந்தக் கறை ரூமை விட்டு வெளியே வந்திருந்தால் முக்கால்வாசி திரும்பியிருக்கும். இப்போது நடை கொஞ்சம் தேறலாம், விரல் தேறுவது கஷ்டம். "கால்ல சூடு, காயம் எதுவும் தெரியாது. நீங்கதான் தினமும் பார்த்துக்கணும்" என்று மாமாவிடம் சொன்னார். "கேள்வியை உங்ககிட்டயேதான் கேட்டேன்மா" என்று அக்காவிடம் சொன்னார். அன்று அவர் அந்தக் கம்பெனிச் சட்டை போட்டிருக்கவில்லை.

மாமா கம்பெனிக்குப் போனார். பார்த்ததை, கேட்டதை, பாராததை எல்லாம் சொன்னார். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்களாம். உங்கள் மனைவி சம்பந்தப்பட்டது என்பதால் நீங்கள் இதில் தலையிடக்கூடாது, அது உங்களுக்கே தெரியும், மறு ஆய்வுக்கு வேறு ஆளை அனுப்புகிறோம் என்றார்களாம். அனுப்பினார்கள். தேதி சொல்லிவிட்டுத்தான். அந்த அறையை இடித்துவிட்டு அங்கே பூந்தொட்டி வைத்திருந்தார்களாம். சுவரை இடிச்சுக் கட்ட மாட்டாங்க என்று மாமா சொன்னாரே, அதையும் செய்துவிட்டார்கள். காற்றோட்டம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி ஐந்து இலையும் அப்படியே இருக்கிறது. கறை எடுக்கும் வேலை வேறு ஏதோ கட்டடத்துக்குப் போய்விட்டது. பெரியக்காவையும் மற்ற இருவரையும் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். அவர்களுக்கும் வயிறு இருக்கிறது, எங்கள் வீட்டுப் பக்கம் அவர்கள் பிறகு வரவில்லை. பேக்கரிக்குப் போகும் வழியில் அந்தக் கம்பெனிக் கடை இருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் வெண்ணெய் நிறச் சட்டைகள் வரிசையாகத் தொங்கும். பொட்டுக் கறை இருக்காது. காறித் துப்பலாம் என்று வரும். கண்ணாடியைத் துடைக்கிறவளும் என்னை மாதிரி ஒருத்திதான் என்று முழுங்கிக்கொண்டு போவேன்.

மாமா வேலையை விட்டுவிட்டார். வீட்டிலேயே கணக்கு எழுதுகிற வேலை ஏதோ செய்கிறார். அக்காவின் சட்டைப் பட்டன்களை அவர்தான் போட்டுவிடுகிறார். "பயப்படாம சொல்லுங்க" என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து போயே போய்விட்டது. காய்கறிக்காரிகூடக் கேட்டாள், என்ன சார், பேச்சையே மறந்துட்டீங்களா என்று.

போன வாரம் நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன். தினமும் காலையில் அக்காவின் கால்களைக் கழுவி, காயம் இருக்கிறதா என்று அவர் பார்ப்பது வழக்கம். பிளாஸ்டிக் தொட்டியில் முதலில் பச்சைத் தண்ணீர் ஊற்றி, பிறகு கெட்டிலில் இருந்து வெந்நீர் கலந்து, முழங்கையை விட்டுச் சூடு பார்த்துவிட்டுத்தான் அவள் காலை எடுத்து உள்ளே வைப்பார். அன்று நானும் அங்கே உட்கார்ந்து ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். குளிர் காலை. தண்ணீரைத் தொட்டால் கை வலிக்கும். தொட்டியில் பச்சைத் தண்ணீர் மட்டும் இருந்தது. கெட்டில் அப்போதுதான் கொதித்தது. மாமா அதை எடுக்க அடுப்படிக்குப் போனார். அக்கா தானாகவே இரண்டு கைகளாலும் காலைத் தூக்கி, தொட்டிக்குள் வைத்துக்கொண்டாள். அவருக்கு ஒரு வேலை மிச்சமாகட்டும் என்றுதான்.

மாமா கெட்டிலோடு வந்தார். கால் உள்ளே இருப்பதைப் பார்த்தார். ராத்திரி சரியாகத் தூங்கவில்லை போலிருக்கிறது, கலந்தாயிற்றா இல்லையா என்று அவருக்கே குழம்பிவிட்டது.

"சூடு சரியா இருக்கா?" என்று கேட்டார்.

அக்கா தண்ணீரைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்தாள். அந்த முகத்துக்கு என்ன பதில் வேண்டும் என்று பார்த்துவிட்டு, சிரித்த முகமாகச் சொன்னாள்.

"இதமா இருக்குங்க."

கெட்டில் அவர் கையிலேயே இருந்தது. அதிலிருந்து இன்னும் ஒரு சொட்டுக்கூட ஊற்றவில்லை.